பானைக்குப் புகைபோக்கி

ஜூலை 8, திங்கள்

எஞ்சினுக்குப் புகைபோக்கி வைக்கப் போகிறார்களாம்.

இதை முதலில் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காகித மில்காரர்கள் நகராட்சிப் பூங்காவுக்குத் தங்கள் பழைய நீராவி எஞ்சினை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை லாரியில் வந்தது. கிரேன் தூக்கி, பூங்காவில் போட்டுவைத்திருந்த இரண்டு தண்டவாளத் துண்டுகளின் மேல் இறக்கியது. ஊரே வேடிக்கை பார்த்தது. பெரிய பானை ஒன்றைப் படுக்கவைத்து, அடியில் நாலு சக்கரமும் பின்னால் ஒரு கூண்டும் மாட்டினால் எப்படியோ அப்படித்தான் அது இருக்கும். மில்லில் அதற்குப் பேரே பானைதான்.

நகராட்சித் தலைவர் ஜெயக்கொடி அதை ஒரு சுற்று சுற்றிவந்தார். "என்னய்யா இது, கேஸ் டேங்கர் மாதிரில்லா இருக்கு? பொக போற கொழாய் எங்க?" என்றார்.

"பழசுல்லா மேடம், ஒடஞ்சி விழுந்திருக்கும்" என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன்.

"அப்பம் புதுசா ஒண்ணு செஞ்சி மாட்டிருங்க. நல்லா உசரமா. பிள்ளையெல்லாம் போட்டோ எடுக்கும்லா."

நான் கூட்டத்தின் பின்னால் நின்று, "அதுக்குப் புகைபோக்கியே கிடையாது!" என்று சத்தம் போட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. ஆவுடையப்பன் மட்டும் திரும்பினான். அவனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. நாக்குக்கு வயதே ஆகவில்லை.

"பீடி சொன்னா சரியாத்தான் இருக்கும். பொகையப் பத்தி பீடிக்குத் தெரியாதா?" என்றான். சிரித்தார்கள்.

இந்த ஊரில் என்னைப் பீடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் நான் பீடியைத் தொட்டதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நகராட்சிக்கு மனு எழுதினேன். இரண்டு பக்கம். சாரம் இதுதான்:

இது நெருப்பில்லாத எஞ்சின். இதற்குள் அடுப்பு கிடையாது, கரி கிடையாது, சாம்பல் கிடையாது. பானையில் பாதிக்கு வெந்நீர் இருக்கும். மில்லின் கொதிகலன் கூடத்துக்குப் போய் நின்றால், அங்கிருந்து ஒரு குழாயை மாட்டி அழுத்தத்தோடு நீராவியை ஏற்றிவிடுவார்கள். வயிறு நிறைந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போகும். ஆவி தீரத் தீர உள்ளே இருக்கும் வெந்நீர் மறுபடி கொதித்து ஆவி கொடுக்கும். தளர்ந்துபோனால் மறுபடி கூடத்துக்கு. அடுப்பே இல்லாத வீட்டுக்குப் புகைபோக்கி எதற்கு?

குமாஸ்தா படித்துப் பார்த்தார். "பொகபோக்கி வேண்டாம்னு ஒரு மனுவா? குடிதண்ணி மனு இருக்கு, தெருவிளக்கு மனு இருக்கு, சாக்கட மனு இருக்கு. இத எந்தக் கட்டுல பெரியவரே வைக்க?" என்று கேட்டார்.

"சாக்கட கட்டுலயே வையும்" என்றேன். வைத்துவிட்டார்.

ஜூலை 11, வியாழன்

காலையில் ரேஷன் கடை. பருப்பு வரவில்லை. வரும் வழியில் பூங்காவுக்குள் போனேன்.

மில் வாசலுக்கு எதிரே நாற்பது வருஷத்துக்கு மேல் சைக்கிள் கடை வைத்திருந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பானை போவதையும் வருவதையும் அத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். வைக்கோல் வண்டிகளை இழுத்துக்கொண்டு காகிதக் கூழ் காய்ச்சும் கூடத்துக்குப் போகும். வெறும் வண்டிகளோடு திரும்பும். சத்தம் அதிகம் இராது. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். மழைக்காலத்தில் சீக்கிரம் ஆறிவிடும். எடைமேடைக்குப் பக்கத்தில் நடுவழியில் நின்றுவிடும். கூலியாட்கள் ஏலேலோ போட்டுத் தள்ளிக்கொண்டு போவார்கள். "பானை பசிச்சி நிக்கி, சோறு போடுங்கலே" என்று கத்துவார்கள். இதையெல்லாம் பங்ச்சர் ஒட்டிக்கொண்டே பார்த்தேன். மில்லுக்குள் நான் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டு ஆட்களை உள்ளே விடமாட்டார்கள்.

இன்றுதான் முதல்முறையாக அதைத் தொட்டேன். வெயிலில் நன்றாகச் சுட்டது.

ஜூலை 13, சனி

புகைபோக்கி செய்கிற வேலை யாருக்குக் கிடைத்திருக்கிறது தெரியுமா? என் மருமகன் செண்பகராஜுக்கு. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

சாயங்காலம் அவரே வந்து சொன்னார். ஒளிக்கவில்லை. அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

"மாமா, நான் மாட்டேன்னா வேற எவனாவது செய்வான். அவன் தகரத்துல அடிச்சி வச்சிட்டுப் போவான். நான்னா ஒழுங்கா செய்வேன்."

"பொய்ய ஒழுங்கா செய்யப் போறீரு."

"அது இரும்புக் கொழாய் மாமா. அதுல என்ன பொய், மெய்?"

"எஞ்சினுக்கு இல்லாத உறுப்ப வைக்கது பொய் இல்லாம என்ன?"

என் மகள் உலகம்மாள் குறுக்கே வந்தாள். "யப்பா, செலைக்கெல்லாம் பேண்ட் சட்ட மாட்டி விடுதாங்க. அதுக்கெல்லாம் நீங்க மனு போட்டியளா? நமக்கு இது ஒரு வேல. அவ்வளவுதான்."

அவள் கொண்டுவந்த மீன்குழம்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நெத்திலி.

ஜூலை 14, ஞாயிறு

அவல். தண்ணீர்.

ஜூலை 17, புதன்

எஞ்சினைச் சுத்தம் செய்து வண்ணம் பூச மேற்பார்வை பார்க்க ஒரு பொறியாளரை வரவழைத்திருக்கிறார்கள். எப்சிபா என்று பேர். ரயில்வே பணிமனையில் இருந்தவராம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் சுத்தியலோடு எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தார். அந்தப் புடவையைப் பார்த்தால் உலகம்மாள் அழுதுவிடுவாள்.

"அம்மா, இதுக்குப் புகைபோக்கி கிடையாது, தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் அய்யா. நெருப்பில்லா எஞ்சின். இந்தப் பக்கத்துல இதுமாதிரி நான் பாத்தது இது ஒண்ணுதான்."

"அப்ப சொல்ல வேண்டியதுதான?"

"மூணு தடவ சொல்லிட்டேன். தலைவர் கேக்க மாட்டேங்குறாங்க. வெல்டிங் வச்சு ஒட்டாதீங்க, போல்ட் போட்டு மாட்டுங்க, பின்னால யாராவது கழத்திக்கலாம்னு மட்டும் சொல்லியிருக்கேன்."

இவ்வளவு தெரிந்தவர் இவ்வளவு பொறுமையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. "ஒரு துளை, ஒரு குழாய்கூட மேல போகாத எஞ்சினும்மா இது" என்றேன்.

எழுந்து வந்து கூண்டை ஒட்டி மேலே போன ஒரு சின்னக் குழாயைக் காட்டினார். "இது போகுதே அய்யா. வேல செஞ்ச ஆவி வெளிய போற குழாய்."

அத்தனை வருஷம் பார்த்தும் அதை நான் கவனித்ததில்லை. வேலியிலிருந்து அந்தப் பக்கம் தெரியாது.

"அது மூக்கு" என்றேன்.

"சரி, மூக்கு" என்றார். சிரிக்கவில்லை. நல்ல பெண்தான்.

ஜூலை 19, வெள்ளி

பூங்காவில் எப்சிபாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆவுடையப்பன் அந்தப் பக்கமாகப் போனவன், "என்ன பீடி, எஞ்சினுக்கு மாப்ளயா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

"ஏன் அய்யா உங்கள பீடின்னு கூப்பிடுறாங்க?" என்று எப்சிபா கேட்டார்.

சொன்னேன். யாரிடமும் நானாகச் சொன்னதில்லை. இந்த ஊரில் சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. எல்லாருக்கும் அவரவர் கதை தெரியும்.

பானை வருவதற்கு முன்னால் மில்லில் வேறொரு எஞ்சின் ஓடியது. அதற்கு அடுப்பும் உண்டு, புகைபோக்கியும் உண்டு. பொறி பறக்கும். வைக்கோல் போர் மலை மலையாகக் கிடக்கிற முற்றம் அது. ஒரு மாசி மாதம் மத்தியானம் தீப்பிடித்தது. காற்று. வைக்கோல் கட்டுகிற பெண்கள் மூன்று பேர் போருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தி ஆவுடையப்பனின் தாயார்.

என் அய்யா அந்த முற்றத்தில் கங்காணி. சாப்பாட்டு வேளையில் போரின் நிழலில் உட்கார்ந்து அவர் பீடி குடித்ததுதான் காரணம் என்று மில் சொன்னது. வேலையை விட்டு நீக்கியது. போலீஸில் பிடித்துக்கொடுத்தது. கேஸ் நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. அன்று முதல் எங்கள் வீடு பீடி வீடு. அய்யா பெரிய பீடி. நான் பீடி மகன். அய்யா போனபிறகு நானே பீடி. உலகம்மாளைப் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டி என்றார்கள்.

தீக்கு அடுத்த வருஷம் மில்காரன் அந்த எஞ்சினை விற்றுவிட்டு, வெளிநாட்டிலிருந்து நெருப்பே இல்லாத இந்தப் பானையை வரவழைத்தான்.

"பீடியால தீப்பிடிச்சதுன்னா எஞ்சின எதுக்கும்மா மாத்தினான்?" என்று கேட்டேன். "பீடிக்குப் பயந்தவன் வாசல்ல ஆளப் போட்டு மடியச் சோதிப்பான். எஞ்சினுக்குப் பயந்தவன்தான் எஞ்சின மாத்துவான். வாயத் தொறந்து ஒருத்தனும் ஒத்துக்கல. ஒத்துக்கிட்டது இந்த இரும்பு ஒண்ணுதான். இதுக்குத் தலையில ஒரு புகைபோக்கிய நட்டுட்டா அதுவும் போச்சு. நாளைக்குப் பாக்கிறவன் இதையும் பொறி பறக்குற எஞ்சின்னுதான் நெனப்பான்."

எப்சிபா டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். "உங்க அய்யா என்ன சொன்னாங்க? அன்னைக்குக் குடிச்சாங்களா, இல்லியா?"

டீ ஆறிப்போயிருந்தது. வேறு வாங்கிவரச் சொன்னேன்.

ஜூலை 20, சனி

அந்தப் பெண் கேட்டதே சரியில்லை. அய்யா பீடி குடிப்பார்தான். அந்தக் காலத்தில் யார் குடிக்கவில்லை? அன்றைக்குக் குடிக்கவில்லை. அவர் "நான் குடிக்கவில்லை" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தப்பு செய்யாத மனிதன் எதற்குச் சொல்ல வேண்டும்?

தீக்குப் பிறகு அவர் பீடியைத் தொடவில்லை. கார்த்திகைக்கு வீட்டில் விளக்கு வைத்தால் வெளியே போய் நிற்பார். அது வேறு விஷயம்.

ஜூலை 24, புதன்

புகைபோக்கி ஏறிவிட்டது.

கறுப்பு, நடுவில் சிவப்புப் பட்டை, உச்சியில் தங்கக் கலரில் ஒரு கிரீடம். செண்பகராஜ் வேலை சுத்தம்தான், அது வேறு எரிச்சல். மாட்டி முடித்ததும் தலைவர் கைதட்டினார். "இப்பம்தான் எஞ்சின் மாதிரி இருக்கு!" என்றார். அதற்குள் ஒரு புகை மெஷின் வைக்கலாமா, கல்யாண மண்டபத்தில் மணமக்கள் வரும்போது விடுகிறார்களே அந்த மாதிரி, என்று ஒரு கவுன்சிலர் கேட்டார்.

"மாமா, எட்டு போல்ட்தான்" என்று செண்பகராஜ் என் காதில் சொன்னார். "ஸ்பேனர் போட்டா கழண்டுரும்."

"நீரே மாட்டி நீரே கழத்துவீரோ?"

"யாரு காசு குடுத்தாலும் கழத்துவேன் மாமா."

இப்படிப்பட்ட ஒரு மனிதனுக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

பிளைவுட் பலகை ஒன்றில் வெள்ளைப் பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதிப் பூங்காக் கம்பியில் கட்டிவிட்டேன்:

இந்த எஞ்சினுக்கு நெருப்பு இல்லை. புகை இல்லை. புகைபோக்கி பொய்.

எழுத்து ஒன்றும் கோணவில்லை. கடைசி 'ய்' மட்டும் பலகையில் இடம் போதாமல் கீழே இறங்கிவிட்டது.

ஜூலை 27, சனி

பலகையைக் காவலாளி அவிழ்த்துக் கழிப்பறைக்குப் பின்னால் வீசியிருந்தான். எடுத்து மறுபடி கட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

மறுபடி கட்டினேன்.

ஜூலை 30, செவ்வாய்

இன்று கட்டும்போது காவலாளியே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். "நீங்க கட்டுங்க, நான் மேலதிகாரி வாற நேரத்துக்கு அவுக்கேன், அவிய போனப்பறம் நீங்க கட்டுங்க. எதுக்கு ரெண்டு பேரும் கழிப்பறைக்கு அலையணும்?" என்றான்.

உலகம்மாள் கூட்டாஞ்சோறு கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடி மாதக் காற்று. பலகை ஆடிக்கொண்டே இருந்தது. அதை ஒருவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மில்லின் புது அதிகாரி, கௌதம் என்று பேர், கோயம்புத்தூர் பக்கம். விளம்பரம், விழா எல்லாம் அவன் பொறுப்பாம்.

"இது நீங்க எழுதினதுங்களா? நிஜமாவே பொகை வராதுங்களா?" என்று கேட்டான்.

"வராது. ஒரு பொட்டுகூட வராது" என்றேன். கூண்டு, குழாய், மூக்கு எல்லாம் காட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டான். தலையை ஆட்டினான். "சூப்பருங்க. ரொம்ப ரொம்ப சூப்பருங்க" என்றான். கடைசியில் ஒருவனாவது கேட்டானே என்று அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

புகைபோக்கியை எடுத்துவிட்டார்கள்!

மில்லிலிருந்து நகராட்சிக்கு உத்தரவு மாதிரி ஒரு போன். மறுபேச்சு இல்லை. செண்பகராஜே வந்து கழற்றினார். கழற்றியதற்கும் மில் தனியாகக் கொடுத்துவிட்டதாம். மாட்டியதைச் சுமந்துகொண்டு போய் அவர் வீட்டுப் புழக்கடையில் போட்டிருக்கிறார். உலகம்மாள் அதைப் படுக்கப்போட்டுக் கோழி அடைக்கிறாள்.

இரவு அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டேன். நெத்திலி.

ஆகஸ்ட் 12, திங்கள்

அந்த இளநீரைத் திரும்பக் கேட்க முடியுமானால் கேட்பேன்.

எஞ்சினுக்கு முன்னால் மில் ஒரு பெரிய போர்டு வைத்திருக்கிறது. பச்சை நிறம். இலை படம். அதில் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "புகையில்லாப் பயணம். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இயற்கையை நேசித்த எங்கள் நிறுவனரின் பசுமைக் கனவு."

பசுமைக் கனவாம்! இந்தப் பானைக்கு ஆவி எங்கிருந்து வந்தது? கொதிகலன் கூடத்திலிருந்து. அங்கே இரவு பகலாகக் கரி எரிந்தது. பக்கத்தில் பனை உயரத்துக்குப் புகைபோக்கி நின்றது. எங்கள் தெருவில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாம்பல் வேட்டியாகத்தான் எடுப்போம். எஞ்சின் புகைவிடவில்லை, அதற்கும் சேர்த்து அந்த ராட்சசக் குழாய் விட்டது. இயற்கையை நேசித்தவன் ஆற்றில் விட்ட கூழ்த் தண்ணீரின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பலகையில் நான் எழுதிய வார்த்தையையே எடுத்து அவர்கள் போர்டில் மாட்டிவிட்டார்கள். மூன்று பெண்கள் எங்கே? அய்யா எங்கே? பொறியை மறைக்க ஒரு இலை போதுமா?

எப்சிபாவிடம் போய்க் கத்தினேன். அவர் சக்கரத்துக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தார். "நீங்க கேட்டது கெடச்சிதில்ல அய்யா. புகைபோக்கி போச்சு" என்றார்.

"போச்சு. ஆனா போனதுக்குக் காரணம் தப்பு."

"காரணத்த நீங்கதான் சொல்லணும். இருபத்தஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழம திறப்பு விழா. வாங்க. ஆனா சண்டைக்கு வராதீங்க. கேள்விக்கு வாங்க."

கேள்விக்காம். சண்டைக்குத்தான் போவேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கறுப்புத் துணி ஒரு கெஜம் வாங்கினேன். கழியில் கட்டினேன். உலகம்மாள் பார்த்துவிட்டாள்.

"யப்பா, அன்னைக்கு மாமியா வீட்டு ஆளுவ எல்லாம் வாறாங்க. அவிய முன்னால கருப்புக்கொடி பிடிக்கப் போறியளா?"

"பிடிப்பேன்."

"தாத்தா செத்து எத்தன வருசம் ஆச்சு? இன்னும் எதுக்கு? எனக்கு அந்தப் பேரு வந்து நான் அழல. எங்கூடப் படிச்ச பிள்ளையெல்லாம் மறந்தே போச்சு. நீங்கதான் தெனமும் எடுத்து எடுத்துப் பாக்கிய. நீங்க விட்டாத்தான ஊரு விடும்?"

அவளுக்கு ஒன்றும் புரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து அவள் அழுதுகொண்டு வந்த நாளில் அவள் சட்டையைத் துவைத்தவன் நான். அதன் முதுகில் மசியால் தீக்குச்சி தீக்குச்சியாகக் கோடு போட்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

திறப்பு விழா. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கறுப்புக்கொடியைக் கொண்டுபோகவில்லை. காலையில் தேடினால் காணவில்லை. உலகம்மாள் அதை எங்கே ஒளித்தாளோ, சாயங்காலம் கோழிக்கூட்டின் வாயில் மூடுதுணியாகத் தொங்குவதைப் பார்த்தேன்.

வெறுங்கையோடு போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு நாற்காலி தள்ளி ஆவுடையப்பன். "பீடி வந்தாச்சா, விழா தொடங்கலாம்" என்றான்.

தலைவர் பேசினார். பிறகு கௌதம் மைக்கைப் பிடித்தான். பசுமை, இலை, வருங்காலத் தலைமுறை என்று போய்க்கொண்டே இருந்தான். "எழுவது வருசத்துக்கு முன்னாடியே எங்க நிறுவனர் காற்று மாசைப் பத்திச் சிந்திச்சாருங்க" என்றபோது நான் எழுந்துவிட்டேன்.

"எதுக்கு வாங்கினாரு? அதச் சொல்லும்!"

செண்பகராஜ் பின்னால் இருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். தட்டிவிட்டேன். கௌதம் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான். அவனுக்கு என்மேல் கோபமே இல்லை.

"நம்ம போர்டு அய்யா! சொல்றேனுங்க. இடம் வைக்கோல் இடமுங்க. முன்னாடி ஓடுன எஞ்சின் பொறி பறக்குற எஞ்சின். ஒருக்கா வைக்கோல் போர்ல பத்திக்கிச்சு. பெரிய தீ. அதுக்கப்புறம்தான் இந்த மாதிரிப் பொறியே வராத எஞ்சின் வேணும்னு தேடிப்பிடிச்சு வாங்கினாங்க."

"எது பத்த வச்சிது?"

"புரியலைங்க."

"தீய எது பத்த வச்சிதுன்னு கேக்கேன். மைக்குல சொல்லும்."

அவன் மேடையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். கண்தெரியாதவனுக்கு வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான்.

"எஞ்சின்தானுங்க. வேற எது?"

மைக்கில்தான் சொன்னான். பூங்காவைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். இளவட்டங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தன. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வயசாளிகள் உட்கார்ந்திருந்த வரிசையில் மட்டும் ஒரு செருமல்கூட இல்லை.

"இன்னொரு தடவ சொல்லும்" என்றேன்.

"எஞ்சின்தானுங்க" என்றான். பிறகு கரகாட்டம்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிற ஒரு வார்த்தையையா இத்தனை காலம் ஒருத்தனும் சொல்லவில்லை? அந்தப் பையனுக்கு இதில் சொல்லக்கூடாதது என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. அய்யா கார்த்திகை தோறும் வாசலுக்கு வெளியே நின்றாரே. அவர் காதில் இதை யாராவது ஒருமுறை, மைக் இல்லாமலேகூட, சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார்.

மேலே உள்ள கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். பேனா மசி தீர்ந்து வருகிறது. இருக்கட்டும்.

எப்சிபா கிளம்பும்போது வந்து சொல்லிக்கொண்டார். அந்தப் பச்சைப் போர்டில் தீயைப் பற்றியும் மூன்று பெண்களைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி மில்லிடம் கேட்டிருக்கிறாராம். கௌதம் சரி என்றானாம். இலைக்குக் கீழே இடம் இருக்கிறதாம்.

இலையை எடுக்கச் சொல்லி நாளை மனு எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மனு எழுதி முடித்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். ஆவுடையப்பன் பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன்.

டீ மாஸ்டர் வழக்கம்போல, "பீடி அண்ணாச்சிக்கு சீனி கம்மியா ஒண்ணு!" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

"ஏல!" என்று ஆவுடையப்பன் அவன்மேல் பாய்ந்தான். "பெரிய மனுசன அப்படியால கூப்பிடுவ? பேரச் சொல்லிக் கூப்பிடு."

மாஸ்டர் திகைத்துப்போனான். "நீருதான வே தெனமும் கூப்பிடுதீரு?"

"நான் கூப்பிட்டேன். எங்கம்ம செத்தா, நான் கூப்பிட்டேன். இப்பம் சொல்லுதேன், நீ கூப்பிடாத."

"சரி. அண்ணாச்சி பேரு என்ன?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். மூடினான். என்னைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பெஞ்சில் இத்தனை வருஷம் டீ குடித்தவன். அவன் நெற்றியில் வேர்த்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உதவவில்லை.

"ஒம்ம பேரு என்ன வே?" என்று கடைசியில் கேட்டான்.

நான் டீயை நிதானமாகக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

சொல்லவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும்.